ஹஸ்கி உங்களுக்குச் சரிப்படுமா? குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், நண்பரின் ஹஸ்கியை 17 நாள் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊர் மதுரை. நாயின் பெயர் ஸ்னோ. நம் ஊர் ஹஸ்கிகளில் பாதிக்கு அந்தப் பெயர்தான் இருக்கும் போல. மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஏசி நின்றது. இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் சுற்றியது. ஸ்னோ நேராகக் குளியலறைக்குப் போய், ஈரத் தரையில் வயிற்றை ஒட்டி, நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொண்டு இரைக்க ஆரம்பித்தது. கரண்ட் வர இரண்டே கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் நான் ஒரு வாளித் தண்ணீரோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு யாராவது "ஹஸ்கி வாங்கலாம்னு இருக்கேன், நல்ல நாயா?" என்று கேட்டால் நான் நாயைப் பற்றிப் பேசுவதில்லை. நாய் நல்ல நாய்தான். உங்கள் வீட்டில் மே மாதம் மத்தியானம் 3 மணிக்கு யார் இருப்பார்கள், தினமும் காலை 5 மணிக்கு யார் எழுந்திருப்பார்கள் என்று மட்டும் கேட்கிறேன். இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால்தான் மற்றதைப் பேசி லாபம்.

கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். மூன்றாவது படியிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால் மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை.

முதல் படி: எதைப் பார்த்து ஆசைப்பட்டீர்கள்?

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் எழுதுவது "நீலக் கண்" அல்லது "ஓநாய் மாதிரி இருக்கும்" என்பதுதான். தப்பில்லை, எனக்கும் முதலில் பிடித்தது அந்தக் கண்தான். ஆனால் ஹஸ்கிக்குப் பழுப்புக் கண்ணும் இருக்கும், ஒன்று நீலம் ஒன்று பழுப்பு என்றும் இருக்கும், ஒரே கண்ணில் இரண்டு நிறமும் கலந்திருக்கும். எல்லாமே அந்த இனத்துக்கு இயல்பு. நீலக் கண்ணுக்கென்று கூடுதல் விலை கேட்டால், அது ஆரோக்கியத்துக்கோ குணத்துக்கோ கொடுக்கும் விலை இல்லை.

"காவலுக்கு" என்று எழுதியிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஹஸ்கி புது ஆளைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும். ஸ்னோ, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மடியிலேயே ஏறப் பார்த்தது. குரைப்பதும் குறைவு. திருடன் வந்தால் பீரோ எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்காமல் இருந்தால் சரி.

இரண்டாம் படி: இது எந்த வேலைக்குப் பிறந்த நாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹஸ்கியைப் பற்றி வரும் புகார்கள் அத்தனைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சைபீரியன் ஹஸ்கியின் முன்னோர்கள் அவர்கள் வளர்த்த பனிச்சறுக்கு வண்டி நாய்கள். அதிகப் பாரம் இழுப்பது அவற்றின் வேலை இல்லை. குறைந்த பாரத்தை, மிதமான வேகத்தில், மிக நீண்ட தூரம், குறைந்த தீனியில் இழுப்பதுதான். அதனால்தான் படத்தில் தெரிவதைவிட ஹஸ்கி சின்ன நாய். வளர்ந்த ஆண் 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ. அதைவிடக் கனமாக, ஆள் உயரத்துக்குத் தாவுகிற நாயைப் பார்த்து நீங்கள் மயங்கியிருந்தால் அது அலாஸ்கன் மாலமூட்டாக இருக்கலாம். அது வேறு இனம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாய்கள் பெரிங் நீரிணையைத் தாண்டி அலாஸ்காவுக்கு வந்தன. தங்கம் தேடிப் போனவர்கள் நிறைந்த நோம் என்ற ஊரில் நாய்வண்டிப் பந்தயம் நடக்கும். அங்கே இருந்த கனத்த நாய்களோடு ஒப்பிட்டு, எலி மாதிரி இருக்கிறது என்று முதலில் சிரித்தார்கள். 1910-இல் ஜான் ஜான்சன் என்பவர் சைபீரிய நாய்களை ஓட்டிப் பந்தயத்தை ஜெயித்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. 1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தை ரயில் நெனானா என்ற ஊர் வரைதான் கொண்டுவர முடிந்தது. அங்கிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர் பனிப்பாதையை 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் அஞ்சல் ஓட்டமாக ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிப் பகுதியில் ஊருக்குள் வந்த பால்ட்டோ என்ற நாய்க்கு நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிலை வைத்தார்கள். ஆனால் அதிகத் தூரத்தையும் மிக ஆபத்தான கடல் பனியையும் கடந்தது லியோனார்ட் செப்பாலா ஓட்டிய, டோகோ என்ற நாய் முன்னால் ஓடிய அணி. அப்போது டோகோவுக்கு 12 வயது. நம் வீட்டு நாய்கள் 12 வயதில் என்ன செய்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கதையை விட்டு வீட்டுக்கு வருவோம். பனியில் வண்டியின் முன்னால் ஓடும் நாய், பின்னால் நிற்பவன் "போ" என்றாலும், கீழே பனி மெலிதாக இருந்தால் போகக் கூடாது. போனால் எல்லோரும் மூழ்கிவிடுவார்கள். சொல்வதைக் கேட்காமல் தானாக முடிவெடுக்கும் குணத்தை அந்த மக்கள் விரும்பி வளர்த்தார்கள். நம் வீட்டில் அதே குணத்துக்குப் பெயர் பிடிவாதம். "வா" என்று கூப்பிட்டால், வருவதில் தனக்கு என்ன லாபம் என்று ஹஸ்கி ஒரு நொடி யோசிக்கும். கழுத்தில் கயிற்றைக் கட்டினால் இழுக்கும். இழுப்பதுதானே அதன் பிழைப்பு. கூட்டத்தோடே வாழ்ந்த நாய் என்பதால் தனியாக விட்டால் ஊளையிடும். தானே வேட்டையாடித் தின்ற பழக்கம் என்பதால் கோழி, பூனை, அணில் எதுவும் அதன் கண்ணுக்கு இரை. இதையெல்லாம் பயிற்சியால் மட்டுப்படுத்தலாம், அடியோடு எடுக்க முடியாது. சொன்ன பேச்சை உடனே கேட்கிற நாய்தான் வேண்டுமென்றால் லேப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ பாருங்கள்.

மூன்றாம் படி: வெயில் கணக்கு

விற்பவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு. "ஹஸ்கிக்கு டபுள் கோட் சார். அது தெர்மாஸ் ஃபிளாஸ்க் மாதிரி, குளிரையும் தடுக்கும் வெயிலையும் தடுக்கும்." இது பாதி உண்மை. அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த முடி, மேலே நீண்ட முரட்டு முடி என்று இரண்டு அடுக்கு இருப்பது நிஜம். வெளியிலிருந்து வரும் சூட்டை அது ஓரளவு தடுப்பதும் நிஜம். ஆனால் ஓடும்போது நாயின் உடம்புக்குள்ளேயே உண்டாகும் சூடு எப்படி வெளியே போகும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் முக்கிய வழி. இரைக்கும்போது நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது எளிதில் ஆவியாகாது. அதனால் 36 டிகிரி சென்னை, 39 டிகிரி மதுரையைவிட ஹஸ்கிக்குக் கொடுமையாக இருக்கலாம். "நம்ம ஊர்ல கடல் காத்து இருக்கே" என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

"அப்போ மொட்டை அடிச்சிட்டா?" கூடவே கூடாது. மேல் முடி போனால் தோல் நேரடியாக வெயிலில் வேகும். இந்த மாதிரி குளிர்ப்பிரதேச நாய்களுக்கு ஒட்டச் சிரைத்த இடத்தில் முடி மாதக் கணக்கில் வளராமல் திட்டுத்திட்டாக நிற்பதும் உண்டு. உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்து, காற்று தோலுக்குப் போக வழி செய்வதுதான் சரி.

"ஏசி இருக்கே" என்பது அடுத்த பதில். இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 1.5 டன் ஏசி மணிக்குச் சுமார் 1 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 12 மணி நேரம் என்றால், நம் இரண்டு மாத பில்லில் நாய்க்கு மட்டும் 720 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும். பணம் பிரச்சினை இல்லை என்றால் நல்லது, ஆனால் கரண்ட் போகும் மத்தியானம் என்ன செய்வீர்கள்? வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது. வீட்டில் ஆள் இல்லாமல், பூட்டிய அறையில் ஏசி நின்றுபோனால் அந்த அறையே அடுப்பாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இது ஓடப் பிறந்த நாய். நாள் முழுக்க ஏசி அறையில் வைத்தால் உடம்பு தப்பும், ஆனால் ஓட்டம் இருக்காது. ஓட விட்டால் வெயில். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை சமவெளி ஊர்களில் காலை 6 மணிக்குள் ஒரு நடை, இரவு 8 மணிக்கு மேல் ஒரு நடை, அவ்வளவுதான் கிடைக்கும். புறங்கையைத் தார்ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. மே மாதத்தில் ராத்திரி 7 மணிக்குக்கூட என்னால் முடிந்ததில்லை.

வெப்ப மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதை நாய் வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாமல் இரைப்பது, எச்சில் பிசின் மாதிரி கெட்டியாக வழிவது, ஈறு செக்கச் சிவப்பாவது, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஃபேன் காற்றில் வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள். சிறிது நேரத்தில் துண்டே சூடாகி, வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். முதலில் குளிரவையுங்கள், அப்புறம் டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். உள்ளுறுப்புகளின் பாதிப்பு ஒருநாள் கழித்துக்கூடத் தெரியவரும்.

2024-இல் தமிழகக் கால்நடைத் துறை கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று, இனப்பெருக்கமே செய்யக்கூடாத வெளிநாட்டு இனங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஹஸ்கியும் ஒன்று. அந்தக் கொள்கைக்கு எதிர்ப்பும் கிளம்பியது, அது தனிக் கதை. அந்தப் பட்டியலில் ஹஸ்கியின் பெயரும் இருந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு இந்தப் படி சுலபம். டொரொண்டோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் நம் ஆட்கள் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் பிரச்சினை மைனஸ் 15-இல் நாய் வெளியே போக வேண்டும் என்று குதிக்கும், நீங்கள் போவீர்களா என்பது. டொரொண்டோவின் ஜூலைப் புழுக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்.

நான்காம் படி: நாய் இல்லாமல் 30 நாள் ஒத்திகை

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

ஒரு மாதம், ஒருநாள் விடாமல், நாய் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். இரவு 8 மணிக்குமேல் இன்னொரு முக்கால் மணி, ஒரு மணி நேரம். வளர்ந்த ஹஸ்கிக்கு நாளைக்கு இரண்டு மணி நேர ஓட்டமும் நடையும் தேவை. மழை பெய்தாலும் போங்கள். காய்ச்சல் என்றால், உங்களுக்குப் பதிலாக யார் போனார்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ செய்யுங்கள். டிசம்பரில் செய்த ஒத்திகைக்கு அர்த்தமில்லை.

நாள்காட்டியில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: காலை நடை யார் போனது, வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடந்தது, மத்தியானம் எத்தனை தடவை கரண்ட் போனது. நடுவில் ஒரு கல்யாணம் வரும், ஒரு குலதெய்வக் கோயில் பயணம் வரும். அந்த நாட்களில் நாய் எங்கே இருந்திருக்கும்? நாயை விட்டுவிட்டுப் போக ஏசி வசதியுள்ள போர்டிங் உங்கள் ஊரில் இருக்கிறதா, நாளைக்கு எவ்வளவு என்று போன் போட்டுக் கேட்டு அந்தத் தேதிக்கு நேராகவே எழுதுங்கள்.

என் சித்தப்பா மகன் இதைச் செய்தான். முதல் வாரம் பிரமாதம். புது ஷூகூட வாங்கினான். ஒன்பதாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். 12-ஆம் நாளிலிருந்து நாள்காட்டியில் இருந்தது அவன் அப்பாவின் கையெழுத்து. சித்தப்பாவுக்கு 63 வயது, முட்டி வலி. "நாய் உனக்கா, எனக்காடா?" என்று அவர் கேட்டதோடு அந்த வீட்டில் பேச்சு முடிந்தது.

வீடு தொடர்ந்து 8, 9 மணி நேரம் பூட்டிக் கிடக்கும் நாட்கள்தான் உங்களுக்கு அதிகமென்றால் ஹஸ்கி வேண்டாம். தனிமையும் சேர்த்துவைத்த சக்தியும் ஒன்றாகும்போது அது சோபாவைத் தின்னும், கதவைச் சுரண்டும், ஊளையிடும். அந்த ஊளை நான்கு வீடு தள்ளியும் கேட்கும். ஃப்ளாட்டில் இருப்பவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் யோசித்தாலே போதும்.

ஐந்தாம் படி: சுவர், கேட், பக்கத்து வீட்டுக் கோழி

வீட்டைச் சுற்றி ஒரு தரம் நாயின் கண்ணால் பார்த்து நடந்து வாருங்கள். காம்பவுண்டுச் சுவர் 6 அடிக்குக் குறையக் கூடாது. அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ துவைக்கிற கல்லோ இருந்தால், அதை ஹஸ்கி படிக்கட்டாகப் பார்க்கும். கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியில் கையை நுழைத்துப் பாருங்கள். மண் தரையாக இருந்தால் தோண்டும். வேலி ஒன்றிரண்டு அடி மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். கொண்டியைத் தள்ளித் திறக்கும் ஹஸ்கிகளும் உண்டு. ஸ்னோ பத்தாம் நாள் அதைச் செய்தது. மூன்று தெரு தள்ளி ஒரு டீக்கடை வாசலில் பன் தின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன்.

பக்கத்தில் கோழி, ஆடு, பூனை வளர்க்கிறவர்கள் இருந்தால் இப்போதே யோசியுங்கள். கயிறில்லாமல் திறந்தவெளியில் ஹஸ்கியை விடவே கூடாது. ஏதாவது ஓடுவதைக் கண்டுவிட்டால் நீங்கள் கத்துவது அதன் காதில் ஏறாது. குழந்தைகளோடு நன்றாகப் பழகும்தான், ஆனால் தாவி விளையாடும்போது மூன்று வயதுப் பிள்ளையைக் கீழே தள்ளிவிடும். தாத்தா பாட்டியிடம் கயிற்றைக் கொடுத்து நடக்க அனுப்புவது இடுப்பெலும்புக்கு நல்லதில்லை.

ஆறாம் படி: முடி

வருடத்துக்கு இரண்டு முறை அடிமுடி மொத்தமாகக் கழன்று விழும். அந்த இரண்டு மூன்று வாரம் தினமும் அண்டர்கோட் ரேக் என்ற அடிமுடிச் சீப்பை வைத்துச் சீவினால் பை பையாக வரும். நம் ஊர் வெக்கையில் அது வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவும் கொட்டும். சாம்பார், கறுப்புப் பேன்ட், சாமி அறை எங்கேயும் தப்பாது. வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்கள் ஹஸ்கி வளர்க்கும் வீட்டில் ஒருநாள் முழுக்க இருந்துவிட்டு வந்து சொல்லட்டும். குளிப்பாட்டினால் அடிமுடி வரை காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சையும் புண்ணும் வரும். அந்த முடிக்குள் உண்ணி ஒளிந்தால் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித் தேட வேண்டும்.

ஏழாம் படி: தீனி, டாக்டர், பணம்

ஹஸ்கி தன் அளவுக்குக் குறைவாகவே சாப்பிடும். வீட்டில் இருக்கும் 22 கிலோ நாய்க்கு நாளைக்கு 1,100 கலோரி அளவில் போதும். வெயில் காலத்தில் ஒருநாள் சாப்பிடாமலே கிடப்பதும் உண்டு. அதைப் பார்த்துப் பதறி நெய்ச்சோறு ஊட்டாதீர்கள். ஆனால் இரைப்பு, வாந்தி, சோர்வு எதுவும் சேர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் சமையலறையோடு சம்பந்தப்பட்டது. ஹஸ்கி, மாலமூட் மாதிரி இனங்களில் சில நாய்களுக்குத் துத்தநாகத்தை உணவிலிருந்து உறிஞ்சும் திறன் பிறவியிலேயே குறைவு. ராகி, அரிசி போன்ற தானியங்களில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளும். "எங்க வீட்டு நாய் தயிர்சாதமும் ராகிக் கூழும்தான் சாப்பிடும்" என்பது நாட்டு நாய்க்கு ஒருவேளை ஓடலாம். ஹஸ்கிக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி உதிர்ந்து பொருக்குத் தட்டினால் சொறி என்று நினைத்து எண்ணெய் தடவாமல், துத்தநாகக் குறைவா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையையும் அவர்தான் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பரம்பரையாக வரும் கண்புரை, விழித்திரைத் தேய்வு, இடுப்பு மூட்டுக் கோளாறு, தைராய்டு குறைவு ஆகியவை இந்த இனத்தில் எதிர்பார்க்கக்கூடியவை. இதோடு உண்ணிக் காய்ச்சலும் நம் ஊரில் சேர்ந்துகொள்ளும். ஆயுள் 12 முதல் 14 வருடம்.

குட்டியின் விலையைப் பற்றியே எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது ஒரே ஒரு தடவை கொடுக்கும் பணம். மாதா மாதம் போகும் தீனி, உண்ணி மருந்து, வருடத் தடுப்பூசியின் மாதப் பங்கு, முடி பராமரிப்பு, ஏசி கரண்ட், போர்டிங் ஆகியவற்றை உங்கள் ஊர் விலையில் எழுதி, 12-ஆல் பெருக்கி, திரும்ப 12-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையை வீட்டில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படியுங்கள்.

எட்டாம் படி: வளர்ந்த ஹஸ்கியோடு ஒருநாள்

குட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எட்டு வார ஹஸ்கிக் குட்டியைக் கையில் வாங்கிய பிறகு "வேண்டாம்" என்று சொல்லும் மனசு உலகத்தில் யாருக்கும் இல்லை. இரண்டு மூன்று வயது ஹஸ்கி வைத்திருப்பவரைக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே இருங்கள். காலை நடைக்கு நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள். சீவுங்கள். மத்தியானம் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். "திரும்பவும் வாங்குவீங்களா?" என்று கேளுங்கள். உதடு சொல்லும் பதிலைவிட, அதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட நல்ல வழி, கைவிடப்பட்ட வளர்ந்த ஹஸ்கியைத் தத்தெடுப்பது. பெரிய ஊர்களில் விலங்கு நலக் குழுக்களிடம் ஹஸ்கிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு வயதுக்குமேல் சமாளிக்க முடியாமல் விட்டவை. முதலில் தற்காலிகமாகச் சில வாரம் வைத்துக்கொள்ளச் சிலர் சம்மதிப்பார்கள். அதன் குணம், உடம்பு, பயம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்தப் படி வரை வந்து "ஹஸ்கி இல்லை" என்று முடிவானால், உங்களுக்கு உண்மையில் பிடித்தது என்ன என்று அந்த முதல் தாளை எடுத்துப் பாருங்கள். கூட ஓடும் நாய் என்றால் சிப்பிப்பாறையும் கன்னியும் காற்றாகப் பறக்கும். நம் கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்த நாய்கள் அவை. காவல் வேண்டுமென்றால் கோம்பையோ ராஜபாளையமோ. ஆனால் ராஜபாளையம் குட்டிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள், பிறவியிலேயே காது கேளாதவை அந்த இனத்தில் உண்டு. இவற்றுக்கும் இடமும் ஓட்டமும் வேண்டும். ஏசி வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

ஒன்பதாம் படி: எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றால்

அப்படியானால் வாங்குங்கள், சந்தோஷமாக. ஆனால் தாய் நாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஏப்ரல் மத்தியானத்தில் போய், தாய் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தகரக் கொட்டகை, கூண்டு என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இந்தியாவின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, ப்ரீடர், அதாவது குட்டி போடவைத்து விற்பவர், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். பெற்றோரின் கண் பரிசோதனையும் இடுப்பு எக்ஸ்ரேயும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பலர் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பேப்பர் வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் தராது. "ரஷ்யாவிலிருந்து நேரா இறக்குமதி" என்றால் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். வியாபாரத்துக்காக நாய்களை இறக்குமதி செய்ய 2016 முதலே கட்டுப்பாடு இருக்கிறது. "வுல்லி கோட்" என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் நீளமுடி ஹஸ்கி, இனத்தின் தர அளவுகோலில் குறையாகவே கருதப்படுவது. நம் வெயிலில் அந்த முடியைப் பராமரிப்பது இரட்டை வேலை.

குட்டியை நவம்பர், டிசம்பரில் கொண்டுவாருங்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தடுப்பூசிகள் தொடரும், ரேபிஸ் ஊசி மூன்று மாதத்துக்குமேல். அது முடியும் வரை தெரு மண்ணில் விடாதீர்கள், குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணிலும் இருக்கும். அந்த வாரங்கள் குளிர்காலத்தில் அமைந்தால், ஊசி முடித்து வெளியே வரும்போது வெயில் ஏறுவதற்கு முன் நடந்து பழக ஒரு மாதமாவது கிடைக்கும். தொலைந்தால் அடையாளம் காண, தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். மாநகராட்சி உரிமம் தேவைப்படும் ஊர் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், முதல் இரண்டு மூன்று ராத்திரி குட்டி அம்மாவைத் தேடி ஊளையிடும். அது வந்து சேரும் அன்று சாயங்காலமே ஒரு டப்பா இனிப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் போய், இன்று ராத்திரி கொஞ்சம் சத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.